குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

“அங்கே யாருமே இல்லையேப்பா, யாருக்குப் பதில் சொல்கிறாய்?” மனச்சிதைவு நோய் நுழைந்த வீடுகளில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். மகன் சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறான். யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்கிறான். “உனக்குக் கேட்கவில்லையா அம்மா?” என்று வியக்கிறான். தாய்க்குக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கேட்பதாகச் சொல்லும் பிள்ளை பொய் சொல்கிறான், அல்லது நடிக்கிறான், அல்லது அவன் மேல் ஏதோ இறங்கியிருக்கிறது. வீட்டாருக்குத் தோன்றும் விளக்கங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பல குடும்பங்கள் மருத்துவரை வந்தடைவதற்கு முன் மாதங்களையும் சில நேரம் ஆண்டுகளையும் இந்த மூன்றிலேயே கழித்துவிடுகின்றன.

நான்காவதாக ஒரு விளக்கம் உண்டு. அவனுக்கு அந்தக் குரல் உண்மையாகவே கேட்கிறது. வெளியில் ஒலி எதுவும் எழாதபோதும், பேச்சை உருவாக்குவதற்கும் பேச்சைக் கேட்பதற்கும் உரிய மூளைப் பகுதிகள் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளின் மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. அப்படி இயங்கும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தைச் சேர்ந்தவையா, வலப்பக்கத்தைச் சேர்ந்தவையா என்ற கேள்விதான் மனச்சிதைவு ஆராய்ச்சியின் மிகச் சுவையான, அதே அளவு சிக்கலான வழக்குகளில் ஒன்று.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தை அகற்றியாக வேண்டும். ‘ஸ்கிஸோஃப்ரினியா’ என்ற சொல்லை 1908இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் யூஜென் பிளாய்லர். கிரேக்க மொழியில் ‘பிளத்தல்’, ‘மனம்’ ஆகிய பொருள் தரும் இரு சொற்களை அவர் இணைத்தார். சிந்தனை, உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்துபோவதையே அவர் பிளவு என்றார். உலகமோ அதை ஓர் உடலுக்குள் இரண்டு மனிதர்கள் என்று புரிந்துகொண்டது. நம் திரைப்படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2005ஆம் ஆண்டில் மட்டும் ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ என்று இரண்டு பெரிய படங்கள் ஒருவருக்குள் இன்னொருவர் குடியிருக்கும் கதையைச் சொல்லி வெற்றி பெற்றன. அந்தக் கதைகள் காட்டுவது வேறொரு நிலை. அது மனச்சிதைவு அல்ல. ஆனாலும் ‘மனப்பிளவு’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தக் கண்களும் அந்த உறுமலும்தான்.

பெயர் செய்யும் கெடுதலை உணர்ந்த ஜப்பான், 2002இல் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளுடைய பழைய சொல்லைக் கைவிட்டு, ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்ற பொருளுடைய புதிய சொல்லை ஏற்றது. அடுத்த பத்தாண்டுக்குள் தென் கொரியாவும் பெயரை மாற்றியது. நரம்பிசைக் கருவியின் தந்திகளைச் சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவர்கள் நோய்க்குப் பெயர் எடுத்தார்கள். வீணையைத் தெரிந்த சமூகத்துக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கருவி உடையவில்லை, சுருதி கலைந்திருக்கிறது. மூளையின் இரு பாதிகளைப் பற்றி இனிச் சொல்லப்போவதற்கும் இந்த உவமை பொருந்தும்.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை மருத்துவ உலகம் உறுதியாக அறிந்தது 1861இல். பாரிஸ் நகர அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது ‘டான்’ என்ற ஓரசை மட்டுமே. அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். மேலும் பல நோயாளிகளைப் பார்த்தபின் 1865இல், நாம் மூளையின் இடப்பாதியைக் கொண்டே பேசுகிறோம் என்று எழுதினார். 1874இல் ஜெர்மானியர் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியும் இடப்பக்கத்திலேயே, காதுக்குச் சற்று மேலும் பின்னும் உள்ளது என்பதைக் காட்டினார். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் சுமார் 70 பேருக்கும் மொழி பெரும்பாலும் இடப்பக்கத்தையே சார்ந்திருக்கிறது.

புரோக்காவின் அந்த நோயாளியைப் பற்றிய ஒரு சிறு செய்தியை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். ‘டான்’ தவிர வேறு எதுவும் பேச முடியாத அவர், கடும் கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல்லை முழுதாக உதிர்ப்பாராம். இடப்பக்க மூளை சேதமடைந்து பேச்சிழந்த பலரிடம் இன்றும் இதைக் காணலாம். ஒரு வாக்கியம் அமைக்க முடியாதவர் திட்டுவார், பழகிய பாட்டைப் பாடுவார், ஒன்று இரண்டு என்று எண்ணுவார். சேதமடையாத வலப்பாதி இதில் துணை நிற்கிறது என்று கருதப்படுகிறது. அதாவது வலப்பாதி ஊமை அல்ல. அதனிடம் இலக்கணம் குறைவு. ஆனால் உணர்ச்சி தோய்ந்த, தானாக வரும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொற்கள் அதனிடம் உண்டு.

இரு பாதிகளையும் இணைப்பது கார்ப்பஸ் கலோசம் எனப்படும் நரம்பிழைப் பாலம். அதில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் உள்ளன. கடுமையான வலிப்பு நோய்க்காக இந்தப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வுகள் புகழ்பெற்ற வேகத்திலேயே அவற்றைப் பற்றிய கட்டுக்கதைகளும் பரவின. இடமூளைக்காரர் கணக்குப் போடுவார், வலமூளைக்காரர் கவிதை எழுதுவார் என்பது அவற்றுள் முதன்மையானது. நம் ஊர்களிலும் ‘வலது மூளைப் பயிற்சி’ என்ற பெயரில் குழந்தைகளுக்குக் கண்ணைக் கட்டி வகுப்பெடுத்துப் பணம் பார்த்தவர்கள் உண்டு. கணக்குக்கும் கவிதைக்கும் இரு பாதிகளும் வேண்டும். வேறுபாடு இருப்பது உண்மை. அது வேலைப் பங்கீட்டு வேறுபாடே தவிர, மனிதர்களை இரண்டு இனமாகப் பிரிக்கும் வேறுபாடு அல்ல.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. 1968இல் அமெரிக்காவின் நார்மன் கெஷ்விண்டும் வால்டர் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அறுத்து அளந்தார்கள். கேட்டலுக்கும் மொழிக்கும் தொடர்புடைய, பக்கமடலின் மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு தளம் 65 மூளைகளில் இடப்பக்கம் பெரிதாக இருந்தது. வலப்பக்கம் பெரிதாக இருந்தவை 11 மட்டுமே. கருவின் கடைசி மாதங்களிலேயே இந்த ஏற்றத்தாழ்வு தெரியத் தொடங்கிவிடுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. குழந்தை முதல் சொல்லைப் பேசுவதற்கு வெகு முன்பே, மொழிக்கான இடம் மூளையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அமைந்துவிடுகிறது.

மனச்சிதைவு இந்தக் கதைக்குள் நுழைவது 1969இல். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பணியாற்றிய பியேர் ஃபுளோர்-ஹென்றி, பக்கமடலில் வலிப்பு மையம் கொண்ட 50 மனநோயாளிகளையும், அதே வலிப்பு இருந்தும் மனநோய் இல்லாத 50 பேரையும் ஒப்பிட்டார். வலிப்பு மையம் இடப்பக்கம் இருந்தவர்களிடம் மனச்சிதைவு போன்ற அறிகுறிகள் கூடுதலாகவும், வலப்பக்கம் இருந்தவர்களிடம் மனஎழுச்சி, மனச்சோர்வு ஆகிய உணர்ச்சிக் கோளாறுகள் கூடுதலாகவும் தென்பட்டன. மனச்சிதைவு இடப்பாதியின் நோயோ என்ற ஐயம் அன்று பிறந்தது.

அந்தக் காலத்தின் சூழலையும் சொல்ல வேண்டும். அன்று மனச்சிதைவுக்கு மூளையில் காரணம் தேடியவர்கள் சிறுபான்மையினர். பிள்ளையின் நோய்க்குத் தாயின் குளிர்ந்த, முரண்பட்ட வளர்ப்பே காரணம் என்று 1948 முதல் ஒரு கோட்பாடு மேலைநாடுகளில் செல்வாக்குடன் இருந்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவர் முன்பே குற்றவாளிகளாக அமர்ந்தார்கள். 1976இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ ஆகியோரின் குழு, அப்போது புதிதாக வந்திருந்த சி.டி. ஸ்கேனில் 17 நோயாளிகளின் தலைகளைப் படமெடுத்தது. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் நோயாளிகளிடம் சராசரியாகப் பெரிதாக இருந்தன. மூளையில் காணத்தக்க, அளக்கத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தாயைக் குற்றம் சாட்டும் கோட்பாட்டுக்கு நிற்க இடம் குறைந்துபோனது. அந்த 17 படங்கள் எத்தனை தாய்மார்களின் பாரத்தை இறக்கியிருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நம் வீடுகளில் அந்தப் பாரம் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

டிம் குரோ அதோடு நிற்கவில்லை. இட, வல வேறுபாட்டையே தன் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அவருடைய வாதத்தின் சாரம் இது: உலகின் எல்லா மக்களிடமும் இந்த நோய் காணப்படுகிறது, நோயாளிகளுக்குக் குழந்தைகள் குறைவாகவே பிறக்கின்றன, ஆயினும் மரபுவழி வரும் இந்த நோய் மறையவில்லை, ஆகவே மனித இனத்துக்கே உரிய ஏதோ ஒன்றோடு இது பிணைந்திருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று மொழி என்றார் குரோ. மொழி பிறக்க மூளையின் இரு பாதிகளும் வேறுபட வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு சிலரிடம் சரிவர முற்றுப்பெறாதபோது, தன் எண்ணம் எது, பிறர் பேச்சு எது என்ற எல்லை கலைகிறது. மனித இனம் மொழிக்குக் கொடுக்கும் விலையே மனச்சிதைவு என்று அவர் 1990களில் எழுதினார்.

கேட்டவுடன் மனத்தைக் கவரும் கருத்து இது. கவர்ச்சியே இதன் ஆபத்தும் ஆகும். இதற்குக் காரணமாக அவர் சுட்டிய மரபணுவைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. 76,755 நோயாளிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரே திறவுகோல் என்று எதுவும் இல்லை. ஆனாலும் குரோ எழுப்பிய கேள்வி வீண்போகவில்லை. மனச்சிதைவின் முதன்மை அறிகுறிகள் பலவும் மொழியோடு தொடர்புடையவை என்பதை அவருக்கு முன் யாரும் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை. இந்த நோயில் இல்லாத உருவங்களைக் காண்பவர்களைவிட, இல்லாத குரல்களைக் கேட்பவர்களே மிகுதி. குரல்கள் வெறும் ஓசைகளாக இருப்பதும் அரிது. அவை பேசுகின்றன, பெயர் சொல்லி அழைக்கின்றன, கட்டளையிடுகின்றன, செய்வதை எல்லாம் வர்ணிக்கின்றன.

குரல் கேட்கும் அதே கணத்தில் மூளையைப் படமெடுத்தால் என்ன தெரியும்? 1993இல் லண்டனில் ஃபிலிப் மெக்வைர் குழுவினர் அதைச் செய்தார்கள். குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது நோயாளிகளின் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. அது பேச்சைக் கேட்கும் பகுதி அல்ல, பேச்சை உருவாக்கும் பகுதி. அதாவது குரலைக் கேட்பவரின் மூளையே அந்தக் குரலைப் பேசிக்கொண்டும் இருக்கிறது. 2008இல் நெதர்லாந்தின் ஐரிஸ் சொம்மர் குழு 24 நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, குரல் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதைக் கையசைவால் தெரிவிக்கச் சொன்னது. அதே நோயாளிகள் வேறொரு முறை மனத்துக்குள் தாமாகச் சொற்களை உருவாக்கவும் செய்தார்கள். தாமாகச் சொல் தேடியபோது முதன்மையாக இயங்கியது வழக்கமான இடப்பக்கம். குரல் கேட்டபோது மிகுதியாக இயங்கியது புரோக்கா பகுதிக்கு நேர் எதிரே, வலப்பக்கத்தில் உள்ள பகுதி. குரல்களின் உள்ளடக்கம் எவ்வளவு வெறுப்பு மிக்கதாக இருந்ததோ அவ்வளவுக்கு இயக்கம் வலப்பக்கம் சாய்ந்தது.

‘டான்’ என்ற சொல்லும் ஒரு வசையும் மட்டுமே மிஞ்சிய அந்தப் பாரிஸ் நோயாளியை இங்கே மீண்டும் நினைக்கத் தோன்றுகிறது. மனச்சிதைவில் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் குறுகிய சொற்றொடர்கள். ஒரே ஏச்சைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. இழிவும் அச்சுறுத்தலும் நிறைந்தவை. வழக்கமாக இடப்பாதி அடக்கிவைத்திருக்கும் வலப்பாதியின் பேச்சு கட்டவிழ்ந்து வெளிப்படுவதாக இருக்கலாம் என்று சொம்மர் குழு முன்வைத்த விளக்கம் இந்த இயல்புகளோடு பொருந்துகிறது. முடிந்த முடிபு அல்ல. பிற ஆய்வுகள் இரு பக்கங்களிலும் இயக்கத்தைக் கண்டுள்ளன.

காதைக் கொண்டு செய்யும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. 1961இல் கனடாவில் டொரீன் கிமுரா இதைப் பரவலாக்கினார். காதொலிப்பான் (ஹெட்ஃபோன்) இரு காதுகளிலும் பொருத்தப்படும். ஒரே கணத்தில் வலக்காதில் ‘பா’ என்றும் இடக்காதில் ‘கா’ என்றும் ஒலிக்கும். எது கேட்டது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் வலக்காதில் விழுந்ததையே சொல்வார்கள். வலக்காதின் முதன்மைப் பாதை மொழிக்குரிய இடப்பாதிக்குச் செல்வதே காரணம். குரல்கள் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்த வலக்காது முந்துரிமை குறைந்துவிடுகிறது. நார்வேயின் கென்னத் ஹுக்டால் இதற்குத் தரும் விளக்கம் எளிமையானது. உள்ளிருந்து எழும் குரலுக்குச் செவிகொடுப்பதில் இடப்பாதியின் கேட்டல் பகுதி மும்முரமாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பேச்சுக்கு அங்கே இடம் போதவில்லை. சாப்பிட வா என்று மூன்று முறை அழைத்தும் திரும்பாத மகனைப் பார்த்து, வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறான் என்று கோபப்படும் தந்தைக்கு இந்தச் சோதனையை யாராவது விளக்கினால் நல்லது.

சரி, தன் மூளை பேசுவதைத் தன்னுடையது என்று ஏன் அவரால் அடையாளம் காண முடியவில்லை? இதற்கான விடை இட, வல வேறுபாட்டைவிட உறுதியான தரையில் நிற்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. கையை அசைக்கும் கட்டளை பிறக்கும்போதே அதன் நகல் ஒன்று உணர்வுப் பகுதிகளுக்கும் போய், ‘வரப்போவது நம் செயல்தான், பொருட்படுத்த வேண்டாம்’ என்று அறிவித்துவிடுகிறது. பேசும்போதும் இதே ஏற்பாடு உண்டு. நம் குரலுக்கு நம் கேட்டல் பகுதி காட்டும் எதிர்வினை மட்டுப்படுத்தப்படுகிறது. மனச்சிதைவில் இந்த மட்டுப்படுத்தல் குறைவு என்பதை மின்னலை ஆய்வுகளால் ஜூடித் ஃபோர்டு குழுவினர் காட்டியுள்ளனர். 2000இல் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் லண்டனில் செய்த சோதனை இன்னும் நேரடியானது. குரல்கள் கேட்பவர்களும், தன் செயலைப் பிறர் இயக்குவதாக உணர்பவர்களும், தன் கையால் தொட்டதையும் பிறர் தொட்டதையும் ஏறத்தாழ ஒரே அளவு கூச்சமாக உணர்ந்தார்கள். முன்னறிவிப்பு வந்து சேராத இடத்தில் சொந்த எண்ணமும் அந்நியக் குரலாகிவிடுகிறது.

முன்னறிவிப்பு போய்ச் சேர வேண்டுமென்றால் பாதைகள் சீராக இருக்க வேண்டும். 2018இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு 4,322 பேரின் மூளை இழைகளை ஆராய்ந்தது. நோயாளிகளிடம் இழைப்பாதைகளின் சீர்மை பரவலாகக் குறைந்திருந்தது. இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலும் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் பழுது என்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, பக்கங்களுக்கு இடையிலான உரையாடல் எப்படி என்ற கேள்வியாக மெல்ல மாறிவருவதற்கு இத்தகைய முடிவுகளே காரணம். கொரியர்களின் சுருதி உவமை இங்கே மீண்டும் பொருந்துகிறது.

இதுவரை படித்தவர்களுக்கு, ஒரு ஸ்கேன் எடுத்து இட, வல அளவுகளை ஒப்பிட்டால் நோயைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றக்கூடும். முடியாது. இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பழைய ஆய்வுகள் பெரும்பாலும் இருபது, முப்பது பேரை வைத்துச் செய்யப்பட்டவை. சிறு ஆய்வுகள் வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டும் இயல்புடையவை. அதே எனிக்மா கூட்டமைப்பு 2023இல் 5,080 நோயாளிகளையும் நோயற்ற 6,015 பேரையும் ஒப்பிட்டு, இட, வல ஏற்றத்தாழ்வை மட்டும் தனியே ஆராய்ந்தது. வேறுபாடு இருந்தது. குறிப்பாக, மொழியோடு தொடர்புடைய நடுப் பக்கமடல் மடிப்பிலும், முன்புறச் சிங்குலேட் பகுதியின் ஒரு பாகத்திலும் இடப்பக்கப் புறணி நோயாளிகளிடம் சற்றே மெலிந்திருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டின் அளவு மிகச் சிறிது. புள்ளியியல் அளவுகோலில் அதிகபட்சம் 0.08.

இந்த எண்ணின் பொருளை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, உயரமானவரே ஆண் என்று ஊகித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 90 முறை ஊகம் சரியாக இருக்கும். ஒரு மனச்சிதைவு நோயாளியையும் நோயற்ற ஒருவரையும் தேர்ந்தெடுத்து, இந்த இட, வல அளவை மட்டும் வைத்து நோயாளி யார் என்று ஊகித்தால் நூற்றுக்கு 52 முறை சரியாகும். நாணயத்தைச் சுண்டினால் 50. இடையிலுள்ள இரண்டுதான் அறுபது ஆண்டு ஆராய்ச்சி அந்த ஓர் அளவிலிருந்து பெற்றுத் தந்திருக்கும் லாபம். ஆய்வாளருக்கு அது மதிப்புள்ள துப்பு. தனிமனிதரின் நோயறிதலுக்கு அது பயன்படாது. மூளையை ‘மேப்பிங்’ செய்து மனச்சிதைவு வருமா என்று சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது உத்தமம். மூளைக் கட்டி போன்ற பிற காரணங்களை விலக்குவதற்காக மருத்துவர் எழுதித்தரும் ஸ்கேன் வேறு; அதை எடுத்தே ஆக வேண்டும்.

இடக்கைப் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மனச்சிதைவு உள்ளவர்களிடையே வலக்கையர் அல்லாதோர் பொது மக்களிடையே இருப்பதைவிடக் கூடுதல் என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. மூளையின் பக்கச் சாய்வு உருவாகும் பருவத்திலேயே ஏதோ வேறுபடுகிறது என்பதற்கு அது ஒரு தடயம். அவ்வளவுதான். உலகில் பத்தில் ஒருவர் இடக்கையர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் ஒருபோதும் வராது. ‘நொட்டாங்கை’ என்று ஏசிக் குழந்தையின் கையை மாற்றும் பெற்றோருக்கு இந்தச் செய்தி ஒரு புதிய சாக்காகிவிடக் கூடாது. கையை மாற்றினால் மூளை மாறிவிடாது.

இத்தனை ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன்? குரல்களின் இருப்பிடம் ஓரளவு தெரிந்ததால், அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வந்தது. 1990களின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் ஹாஃப்மன், இடக்காதுக்கு மேலே, பேச்சைக் கேட்கும் பகுதியில் காந்தத் துடிப்புகளைச் செலுத்தி அதன் மிகை இயக்கத்தைத் தணிக்க முயன்றார். மருந்துக்கு அடங்காத குரல்கள் சிலரிடம் குறைந்தன. பின்னர் நடந்த பெரிய சோதனைகள் எல்லாம் அதே அளவு நம்பிக்கை தரவில்லை. மண்டையோட்டின் மேல் மென்மையான மின்னோட்டம் செலுத்தும் முறையும் ஆராயப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி செய்துவருகிறது. இவை எல்லாம் துணை முறைகள். 1950களில் தொடங்கி வளர்ந்துவந்த, பெரும்பாலும் டோபமைன் வழியே செயல்படும் மருந்துகளே இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பு. அவை இடம், வலம் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோம் என்பதுதான் பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு நடுத்தரக் கிராமத்தில் நான்கைந்து வீடுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

காலம் தாழ்த்துவதன் விலையைத் தமிழகம் ஒருமுறை மிகக் கொடுமையாகக் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை கேட்கும் குரலை மேலே சொன்ன மூன்று விளக்கங்களில் ஒன்றுக்குள் வைத்துப் புரிந்துகொண்ட, களைத்துப்போன குடும்பத்தினர்.

குரலை உருவாக்குவது மூளை என்றாலும், அது என்ன பேசும் என்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி உரையாடி, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்களும் இதில் பங்கேற்றனர். அமெரிக்கர்கள் தம் குரல்களை முகமறியா வன்முறையாகவும் மூளைக் கோளாறாகவும் வர்ணித்தார்கள். அக்ராவில் பலருக்குப் பேசியது கடவுள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோர் கேட்டது உறவினர்களின் குரல். அவை அதட்டின, திட்டின. கூடவே வீட்டு வேலைகளைச் செய்யச் சொல்லி ஏவவும் செய்தன. நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும் அதே தொனி.

ஆகவே நம் ஊரில் ஒரு பிள்ளை, இல்லாத அத்தையின் குரல் தன்னை ஏசுவதாகச் சொன்னால், அத்தையின் ஆவி என்று மந்திரிக்கப் போவதற்கும் அத்தைமேல் வழக்காடப் போவதற்கும் முன்னால், அந்தக் குரல் அவனுக்கு எவ்வளவு நேரம் கேட்கிறது, என்ன சொல்கிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். “இல்லை” என்று வாதிடுவதில் பயனில்லை. அவன் மூளைக்கு அது இருக்கிறது. “எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன், வா, மருத்துவரைப் பார்க்கலாம்” என்று சொல்வது பொய்யும் அல்ல, குரலுக்குத் துணைபோவதும் அல்ல. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள்.